பத்து நிமிஷம் போ, திரும்பி வா

ஸ்ரீரங்கம்
3 ஜூலை 2025

அன்புள்ள வஹீதா,

கவரின் பின்னால் என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே குப்பைக்கூடைக்கு அனுப்பிவிடுவாய் என்று பயந்து, வெறுமனே "தெற்கு உத்திர வீதி" என்று மட்டும் போட்டேன். ஏமாந்து பிரித்துவிட்டாய். பிரித்தது பிரித்தாய், படித்துவிட்டுக் கிழி.

நீ என் நம்பரை பிளாக் செய்து ஆறு வருஷம் ஆகப்போகிறது. வாட்ஸ்அப்பில் உன் முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை நிற்கிறது. தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் யாரும் பட்டன் கண்டுபிடிக்கவில்லை. அதனால் இந்த வழி. தென்னூருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு காவிரிப் பாலம்தான். அதற்கு மூன்று நாள் ஆகும் என்கிறார்கள் தபாலாபீஸில். கடிதமும் உன் மாதிரி யோசித்து யோசித்துத்தான் வரும் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொள். நான் உண்டாகியிருக்கிறேன். பதினாறு வாரம்.

சிரிக்காதே. நாற்பத்தொரு வயது என்று எனக்கும் தெரியும். நம்மோடு கோ-கோ ஆடிய பவித்ரா மகளுக்கு ஜாதகம் எடுத்திருக்கிறாள். நான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு விழுங்குகிறேன். நான் டிக்கெட் கொடுக்கிற ரயில்வே கவுன்ட்டரில் என் வயிற்றைப் பார்த்த ஒரு பெரியவர், "கேஸ் டிரபிளாம்மா?" என்று கேட்டு ஓமத்திரவம் சிபாரிசு செய்தார்.

டாக்டர் இளவேனில் என்று ஒருவரிடம் காட்டுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்று இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசிக்கிறதாம். சாப்பாட்டைக் குறைத்து, தினமும் நடந்து, லேசாக உடற்பயிற்சி செய்தால் ஊசி வரை போகாமல் பார்க்கலாம் என்றார். என்ன பயிற்சி, எவ்வளவு, எப்படி என்று நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. என் மாமியார் பாப்பாயி அம்மாளை உனக்குத் தெரியும். தொட்டியத்திலிருந்து வாழைத்தாரோடு வந்து இறங்கியவர். ஆனால் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியாத ஸ்ரீரங்கத்துச் சட்டமெல்லாம் அத்தைக்குத்தான் தெரியும். சொம்பைத் தூக்கினால் சத்தம் போடுகிறார். கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து கட்டில் என்று ஷட்டில் வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அழகிரியோ பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டியைத் தூக்கி நிறுத்துகிற மனுஷர். வீட்டுக்கு வந்தால் என் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். நான் எங்கே நின்றாலும் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடிக்கிறது.

யூடியூபில் பார்த்தேன். வெள்ளைக்காரி ஒருத்தி பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து குதிக்கிறாள். குதிக்கலாமா? மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கலாமா? மலைக்கோட்டை ஏறலாமா? மூச்சு வாங்கினால் பிள்ளைக்கும் வாங்குமா? இதையெல்லாம் யாரிடம் கேட்பேன்?

உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. 2019 ஆகஸ்டில் அந்தக் குழந்தை தங்காமல் போனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை உன்னைப் பார்த்து, உன் எக்சர்சைஸ்தான் கலைத்துவிட்டது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் உள்ளே கட்டிலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் இப்போது எழுதத் தைரியம் இல்லை.

இது எப்படியாவது தங்க வேண்டும், வஹீதா. பயிற்சியை மட்டும் எழுது. நலமா என்றுகூட கேட்க வேண்டாம்.

உன்
ரெங்கு


தென்னூர், திருச்சி
8 ஜூலை 2025

திருமதி ரெங்கநாயகி அழகிரி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கேள்வி கேட்டவர் கர்ப்பிணி என்பதால் பதில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்: நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதா, கருப்பை வாய் சரியாக இருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு, உதிரப்போக்கு ஏதும் உண்டா. இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் நான் எழுதுவது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

எல்லாம் சரி என்றால், நடை. இதுவரை நடக்காதவர் என்பதால் ஆரம்பத்தில் தினமும் பத்து நிமிஷம் போதும். ஐந்து நிமிஷம் போய், ஐந்து நிமிஷம் திரும்பி வாருங்கள். வாரத்துக்கு வாரம் ஐந்து ஐந்தாகக் கூட்டி, அரை மணி வந்ததும் கூட்டுவதை நிறுத்திக்கொள்ளலாம். வாரத்தில் ஐந்து நாள். சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரைக்கு நல்லது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் அளவு. பேச்சு திணறினால் வேகத்தைக் குறையுங்கள்.

மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி இனி வேண்டாம். குதிக்க வேண்டாம். மலைக்கோட்டை வேண்டாம், விழுந்தால் யாரும் பிடிக்க முடியாது. வெயிலில் வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். உதிரம் பட்டால், நீர் கசிந்தால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், வயிறு விட்டுவிட்டு இறுகினால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள்.

உங்களுக்கு மூச்சு வாங்குவதால் பிள்ளைக்கு வாங்காது.

எஸ். வஹீதா
பிசியோதெரபிஸ்ட்

சொம்பு தூக்கலாம்.


ஸ்ரீரங்கம்
21 ஜூலை 2025

அன்புள்ள வஹீதா,

எட்டாம் வகுப்பில் உன் ஜியாமெட்ரி பாக்ஸை உடைத்தபோது நீ என்னைக் கடித்தாயே, அதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. "வாருங்கள்", "குடியுங்கள்". படிக்கிறபோது முதுகைத் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரிடமாவது சொல்கிறாயோ என்று.

ஆனாலும் சொன்னபடி செய்தேன். டாக்டர் இளவேனில் உன் கேள்விகளைப் படித்துவிட்டு, "இத எழுதினது யாருங்க?" என்று கேட்டார். தோழி என்றேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம். கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசி வரியை மட்டும் அத்தையிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். அன்று மாலையே ஒரு சொம்பைத் தூக்கினேன். என்ன ஒரு சுதந்திரம்!

இனி நடைக்கதை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, வெயிலுக்கு முன்னால், அழகிரியின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஐந்து நிமிஷம் போனேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து, திரும்பினேன். அவ்வளவுதான். எதிரே காலை வலம் வருகிற கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்து நின்றுவிட்டது. ஒன்வேயில் எதிர்த்து வந்த டவுன் பஸ் மாதிரி நான் நடுவில்.

உனக்குப் புரியாது, சொல்கிறேன். இந்த வீதி கோயிலைச் சுற்றுகிறது. கோயிலை வலப்பக்கம் வைத்துத்தான் போக வேண்டும். திரும்பினால் அப்பிரதட்சிணம். மற்றவர்கள் காய்கறி வாங்க எந்தப் பக்கமும் போவார்கள், வருவார்கள், பெருமாள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் எங்கள் அத்தை சட்டப்படி, காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினால் அது வலம். வயிற்றுப்பிள்ளைக்காரி வலத்தைப் பாதியில் விட்டுத் திரும்பக் கூடவே கூடாது. அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மறுபடியும் திரும்பினேன். தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்று நாலு வீதியும் சுற்றி வீட்டுக்கு வந்தபோது முப்பத்தைந்து நிமிஷம். நீ சொன்ன பேச்சுப் பரீட்சையில் வடக்கு உத்திர வீதி வரை பாஸ். வழியில் மூன்று பேரிடம் வம்பு பேசினேன், ஒரு விவாகரத்து, ஒரு நிலத்தகராறு. கிழக்கு வீதியில் பேச்சு நின்றுவிட்டது. ஸ்ரீரங்கத்தில் நான் பேசாமல் நடந்த முதல் இருநூறு அடி அதுதான்.

ஒரு வாரமாக இதேதான். காலும் இடுப்பும் கழன்றுவிடும் போலிருக்கிறது. இதற்கு என்ன வைத்தியம்?

ரெங்கு


தென்னூர்
26 ஜூலை 2025

ரெங்கநாயகி,

உனக்குக் கிறுக்கா? பத்து நிமிஷம் என்று எழுதினேன். முதல் நாளே முப்பத்தைந்து, அதுவும் ஒரு வாரமாக. ஏன்டி திரும்பக் கூடாது? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு வலது இடது தெரியுமா?

சரி, உங்கள் வீட்டுச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. திரும்பினால் யாரும் எதுவும் சொல்லாத இடத்தில் நட. நீ ரயில்வேக்காரி. ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பிளாட்பாரம் இருக்கிறதே. சமதரை, கூரை நிழல், உட்கார பெஞ்ச், குடிதண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. போவதும் சரி, வருவதும் சரி. கூட்டம் இல்லாத நேரமாகப் பார். ஓரத்துக்குப் போகாதே, சுவர்ப் பக்கமாகவே நட. மறுபடி பத்து நிமிஷத்திலிருந்து ஆரம்பி.

நடக்காத நேரத்துக்கு: அழகிரி தூக்கிக்கொண்டு அலைகிற நாற்காலி வேண்டாம், அது வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. உட்கார், எழுந்திரு. பத்து தடவை. மூச்சை அடக்காதே, எழும்போது விடு. சுவரில் கை ஊன்றி, சாய்ந்து நிமிர். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கு. நாலு காலில் நின்று, பூனை மாதிரி முதுகை வளைத்து நேராக்கு. இடுப்பு வலிக்கு அது. சிறுநீரை அடக்குவது போல உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி விடு. படுக்கும்போது ஒருக்களித்துப் படு.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கும் நான் உனக்குப் பத்து நிமிஷம் என்றுதான் சொன்னேன். அன்றைக்கும் இதே வீதியில்தான் நடந்தாயா?

வஹீதா


ஸ்ரீரங்கம்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வஹீதா,

"கிறுக்கா" என்று எழுதினாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். "நீங்கள்" போய்விட்டது. ஏன் என்று கேட்டு உன்னை உஷார்ப்படுத்த மாட்டேன்.

பிளாட்பார யோசனை பிரமாதம். சாயந்திரம் நாலேமுக்காலுக்குப் போகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் தர்மராஜ் முதல் நாள் ஓடி வந்து, "டூட்டி போட்டாங்களா மேடம்?" என்றார். இரண்டாம் நாள், "எந்த வண்டிக்கு வெயிட் பண்றீங்க?" என்றார். மார்கழி வண்டிக்கு என்றேன். மனுஷருக்கு டைம்டேபிளைப் புரட்டிப் பார்க்கிற அளவுக்குக் குழப்பம். இப்போது எனக்காகவே மூன்றாவது பெஞ்சைத் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பயணிகள்தான் தொல்லை. நான் ஒரு கோடிக்கும் மறு கோடிக்குமாக நடப்பதைப் பார்த்து, வண்டி ரொம்ப லேட் என்று அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டு பதறுகிறார்கள்.

நாற்காலிப் பயிற்சியும் நடக்கிறது. பத்து தடவை உட்கார்ந்து எழுவது சுலபம் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷமாகக் கவுன்ட்டரில் உட்கார மட்டும்தான் பயிற்சி எடுத்திருக்கிறேன் என்று ஆறாவது தடவையில் தெரிந்தது. அழகிரி எனக்குத் துணையாகச் செய்கிறேன் என்று ஆரம்பித்து, நாலாவதில் தொடையைப் பிடித்துக்கொண்டார். பூனைப் பயிற்சியை அத்தை கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, தலை சுற்றி விழுந்துவிட்டேன் என்று கூப்பாடு போட்டார். விளக்கிச் சொன்னதும், கொஞ்ச நேரம் நின்று யோசித்து, "நாத்து நடறப்ப நாங்க இப்படித்தான் இருந்தோம், அதுக்குப் பேரு பூனையா?" என்றார். மறுநாள் பார்க்கிறேன், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறார். மூட்டு வலிக்கு இதமாக இருக்கிறதாம்.

முக்கியமான செய்தி: சாப்பிட்டபின் எடுத்த சர்க்கரை நூற்று நாற்பத்தெட்டிலிருந்து நூற்றுப் பதினாறுக்கு இறங்கிவிட்டது. டாக்டருக்குச் சந்தோஷம். ஊசி இப்போதைக்கு வேண்டாம். ஆறாம் மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். நேற்று குழந்தை முதல் தடவை அசைந்தது. பிளாட்பாரத்தில், ஒரு எக்ஸ்பிரஸ் போகிற சத்தத்தில்.

ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் அம்மா மண்டபப் படித்துறைப் பக்கமே போகவில்லை. புத்தி வந்துவிட்டது பார்.

ரெங்கு


தென்னூர்
14 ஆகஸ்ட் 2025

ரெங்கு,

நூற்றுப் பதினாறு நல்ல அளவு. அசைவு நல்ல செய்தி.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரு வரிக்குப் பதில் இல்லை. அன்றைக்கு இதே வீதியா? எத்தனை சுற்று?

வஹீதா


ஸ்ரீரங்கம்
29 ஆகஸ்ட் 2025

வஹீதா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் வேடிக்கையாக ஏதாவது வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் வர விடக் கூடாது என்று பார்க்கிறேன்.

இதே வீதிதான். தினமும் நாலு சுற்று.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வந்தது அது. நீ எட்டாவது வாரத்தில் பத்து நிமிஷம் நட என்றாய். நான் நடக்கவே இல்லை, சோம்பல். அடுத்த வாரம், ஆடி நாலாம் வெள்ளி, எனக்கு ஒரு பயம் பிடித்தது. பிள்ளை தங்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்: நாற்பத்தெட்டு நாள், தினமும் நாலு சுற்று, யாரிடமும் சொல்லாமல். சொன்னால் பலிக்காது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அத்தைக்கு மருமகள் என்றால் சும்மாவா.

விடியற்காலையில் எங்கே போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டுதலைச் சொல்ல முடியாது. வஹீதா எக்சர்சைஸ் சொல்லியிருக்கிறாள் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்? உன் பெயரைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், நீ படித்தவள். பதினைந்து நாள் உன் பெயரில்தான் சுற்றினேன்.

பதினாறாம் நாள் ஆஸ்பத்திரி. அத்தை என் தலைமாட்டில் நின்று, "யாரு சொல்லிடி அப்படி நடந்தே?" என்று கேட்டார். நான், "வஹீதா" என்றேன்.

முதல் கடிதத்தில் நான் வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அதுவும் பொய். திறந்தேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் திறந்தேன். அதற்கப்புறம்தான் அத்தை வராந்தாவுக்கு வந்து உன்னைக் கேட்டார். நீ கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றதை நான் கதவு வழியாகப் பார்த்தேன். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று ஆறு வருஷமாக யோசிக்கிறேன்.

நீ கர்ப்பிணிகளுக்கு நடத்திக்கொண்டிருந்த சனிக்கிழமை வகுப்பை அந்த மாதமே மூடிவிட்டாய் என்று பவித்ரா சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

என் காலாலேயே என் பிள்ளையை மிதித்துவிட்டேன் என்பதுதான் எனக்குள்ளே இருந்தது. அதை என்னால் தூக்க முடியவில்லை. உன் தலையில் வைத்துவிட்டேன். இப்போது பிளாட்பாரத்தில் ஒவ்வொரு அடி வைக்கும்போதும், இதுதானா, இதுதானா என்று எண்ணுகிறேன். டாக்டர் நட என்கிறார், சர்க்கரை நட என்கிறது, கால் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறது. நீ சொன்னால்தான் நம்பும்போல் இருந்தது. அதனால்தான் உனக்கு எழுதினேன்.

இதற்கு நீ பதில் போடாவிட்டாலும் நியாயம்தான்.

ரெங்கநாயகி


தென்னூர்
2 அக்டோபர் 2025

ரெங்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்த அன்று நஜிமுதீனிடம்கூட பேசவில்லை. அவருக்கு என்னைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து பழக்கம். டீ போட்டு வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன். நடந்து நடந்து யாருக்கும் பத்துப் பதினொரு வாரக் கரு கலைவதில்லை. அந்தச் சமயத்தில் போகிறவற்றில் பெரும்பாலானவை, ஆரம்பத்திலேயே சரியாக உருவாகாதவை. தாய் படுத்தே இருந்திருந்தாலும் போயிருக்கும். இதை உனக்கு அன்றைக்கே யாராவது உட்கார்த்திச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொன்னால் நம்புவேன் என்கிறாய். என் சொல்லை நம்ப வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடு. நீ பிரித்தே இருக்க மாட்டாய். அட்மிட் ஆன அன்று எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் குழந்தையின் அளவு எத்தனை வாரம், எத்தனை நாள் என்று போட்டிருக்கும். நீ சுற்ற ஆரம்பித்தது ஒன்பதாவது வாரம் என்று உன் கடிதமே சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். என்ன இருக்கிறது என்று எனக்கும் எழுது. எனக்கும் தெரிய வேண்டும்.

ஏன் மறுக்கவில்லை என்று கேட்டாய். எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை, நான் சொன்னதால்தானோ என்று. படித்தது எல்லாம் தலையில் இருந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஒரு பெண்ணின் முதுகில் கை வைக்கப் போய், வைக்காமலே எடுத்துக்கொண்டேன். அதனால் மூடினேன். உன் அத்தை பேசியதற்காக மூடவில்லை.

கால் செய்தது வேறு, வாய் செய்தது வேறு. அதற்கு என் பதில் என்ன என்று எனக்கே இன்னும் தெரியாது.

நடையை விடாதே.

வஹீதா


ஸ்ரீரங்கம்
18 அக்டோபர் 2025

வஹீதா,

ஃபைல் பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்குக் கீழே இருந்தது. ஆறு வருஷமாக அந்தத் தட்டில் நான் கைவிட்டதே இல்லை. புடவைகளில் பூச்சி அரித்திருக்கிறது.

24 ஆகஸ்ட் 2019. குழந்தையின் அளவு ஏழு வாரம், ஒரு நாள். இதயத் துடிப்பு இல்லை.

எனக்கு அப்போது பதினொரு வாரம். சுற்ற ஆரம்பித்தது ஒன்பதில். அழகிரியைக் கூப்பிட்டு, தப்பாகப் படிக்கிறேனா என்று பார்க்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார். ஏழுதான். நான் முதல் அடி வைப்பதற்கு முன்னாலேயே, நீ பத்து நிமிஷம் என்று சொல்வதற்கும் முன்னாலேயே, அது நின்றுவிட்டிருக்கிறது. இல்லாத பிள்ளைக்காக நாலு சுற்று சுற்றியிருக்கிறேன். பாவம், பெருமாளும் என்ன செய்வார்.

அழுதேன். அப்புறம் எழுந்து கூடத்துக்குப் போனேன். அத்தை வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுதல், நாலு சுற்று, உன் பெயரில் சொன்ன பொய், கட்டிலில் சொன்ன பொய். அழகிரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை பூவை விடாமல் ஆய்ந்துகொண்டே இருந்தார். கடைசிப் பூ வரை. அப்புறம் தலையைத் தூக்காமல், "அந்தப் பொண்ணு அன்னிக்கு ஃபிளாஸ்க்ல பால் கொண்டாந்துச்சு. உனக்குக் குடுக்கச் சொல்லி எங்கிட்ட குடுத்துச்சு. நான் வாஷ்பேசின்ல ஊத்திட்டு வெறும் ஃபிளாஸ்க்கத் திருப்பிக் குடுத்தேன்," என்றார்.

இரண்டு நாள் சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் நான் செருப்பு மாட்டும்போது வந்து நின்று, "அந்தப் பொண்ணுக்கு எழுதுவியாமே. எழுதறப்ப, பால ஊத்தினது நாந்தான்னு நான் சொன்னதா எழுது," என்றார். எழுதிவிட்டேன்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கு உள்ளேயே இருந்தது. இப்போது முப்பத்தொரு வாரம். அரை மணி நடக்கிறேன், நடுவில் பெஞ்சில் ஒரு தடவை உட்காருகிறேன். எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வார்த்தைக்கு இன்னொரு வார்த்தை ஈடாகாது என்று தோன்றி அடித்துவிட்டேன். அடித்தல் திருத்தலோடு வந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்.

ரெங்கு


தென்னூர்
27 அக்டோபர் 2025

ரெங்கு,

ஏழு வாரம், ஒரு நாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றேன்.

பாலைப் பற்றி ஒன்று. அன்றைக்கு ஃபிளாஸ்க்கைத் திரும்ப வாங்கியபோது லேசாக இருந்தது. நீ குடித்துவிட்டாய் என்று நினைத்தேன். அத்தனை பேச்சுக்கும் நடுவில் அது ஒன்றுதான் எனக்கு இருந்த ஆறுதல். இப்போது அதுவும் இல்லை. உன் அத்தை சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் சொன்னார் பார். அவருக்கு என் சலாம் சொல்.

சனிக்கிழமை வகுப்பை மறுபடி ஆரம்பிக்கிறேன். நவம்பர் 1, காலை பத்து மணி. கிளினிக்கில் படி இல்லை, சரிவுதான். எட்டு நாற்காலி, ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோவில் வா, பைக்கில் வராதே. வரும்போது ஒரு வேளைச் சாப்பாடு முடிந்திருக்கட்டும். டாக்டரின் கடிதம் வேண்டும். அழகிரி வெளியே உட்காரலாம்.

மற்ற ஏழு பேரோடு எப்படிப் பேசுவேனோ, அப்படித்தான் உன்னோடும் பேசுவேன். அதற்கு மேல் என்னிடம் இப்போது எதிர்பார்க்காதே.

உள்ளே வந்ததும் ஒரு படிவம் தருவார்கள். "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று அதில் ஓர் இடம் இருக்கும். என் பெயரை எழுது. இந்தத் தடவை அது உண்மை.

வஹீதா